பந்தியின் நன்றியும் போர்க்களத்தின் நன்றியும்

மார்ட்டின் ரிங்கார்ட்டின் ஞானப்பாட்டு பற்றிய ஒரு திறனாய்வு

நன்றி செலுத்துதல் கிறிஸ்தவ வாழ்வின் அன்றாடக் கடமை என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இல்லை. நம் ஆராதனையில் ஸ்தோத்திர ஜெபம் உண்டு. ஆண்டுதோறும் அறுப்பின் பண்டிகை உண்டு. பிறந்த நாள், மண நாள், புதுமனை புகுதல், தேர்வில் வெற்றி, நோயினின்று விடுதலை என ஒவ்வொன்றிற்கும் ஸ்தோத்திரக் காணிக்கையும் உண்டு. நன்றி கூறாத சபை என்று நம்மை எவரும் குறை கூற இயலாது. ஆயினும், எதற்காக நன்றி கூறுகிறோம், எவர் முன்னிலையில் கூறுகிறோம், அந்த நன்றி நம்மை எவரோடு இணைக்கிறது என்னும் வினாக்களை நாம் எழுப்புவது அரிதாகவே உள்ளது. மிகுதியாக வழங்கும் சொல் எளிதில் தேய்ந்துபோகும் என்பது மொழிக்கு மட்டுமன்று, பக்திக்கும் பொருந்தும் உண்மையாகும்.

இவ்வினாக்களை ஒரு பாடலின் வழியே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். அப்பாடல், மார்ட்டின் ரிங்கார்ட் இயற்றிய ‘நூன் டாங்கெட் அல்லே கொட்’ என்னும் ஜெர்மன் ஞானப்பாட்டு. புராட்டஸ்டண்டு உலகில் நன்றியறிதலுக்கென இதனினும் பரவலாகப் பாடப்பட்ட பாடல் பிறிதொன்று இருக்குமா என்பது ஐயமே. கேத்தரின் விங்க்வொர்த் அம்மையாரின் மொழிபெயர்ப்பு 1858-இல் வெளிவந்தபின் ஆங்கிலம் பேசும் சபைகளிலும் அது வேரூன்றிவிட்டது. இத்தகைய பாடலைப் போற்றுவது எளிது. அதன் வரலாற்றையும் அமைப்பையும் நடுநிலையோடு நோக்குவோமாயின், அது நமக்குக் கற்பிப்பதும் உண்டு, எச்சரிப்பதும் உண்டு.

1. பாடலின் பிறப்பிடம்

ரிங்கார்ட் 1586-ஆம் ஆண்டு, சாக்சனியைச் சார்ந்த ஐலன்பர்க் என்னும் சிறு நகரில், மரப்பீப்பாய் செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். லைப்சிக் நகரின் தூய தோமா பள்ளியிலும், பின்னர் அந்நகரின் பல்கலைக்கழகத்திலும் பயின்ற அவர், 1617-இல் தம் பிறந்த ஊருக்கே குருவாகத் திரும்பினார். அடுத்த ஆண்டே முப்பதாண்டுப் போர் மூண்டது. அவருடைய ஊழியக் காலம் ஏறத்தாழ முழுவதும் அப்போரின் நிழலிலேயே கழிந்தது. ஐலன்பர்க் மதில் சூழ்ந்த ஊர். ஆகவே சுற்றுப்புறத்து மக்கள் அடைக்கலம் தேடி அங்கே திரண்டனர். அவர்களோடு பசியும் நோயும் உள்ளே புகுந்தன.

1637-இல் கொள்ளைநோய் அவ்வூரைச் சூறையாடிற்று. உடன் ஊழியர் இருவர் மாண்டனர். மேற்பார்வைக் குருவோ ஊரைவிட்டு அகன்றார். தனித்து நின்ற ரிங்கார்ட், சில நாள்களில் நாற்பது ஐம்பது பேருக்கு அடக்க ஆராதனை நடத்த நேர்ந்தது. அவ்வாண்டில் அவர் அடக்கம் செய்தோர் தொகை 4,000-க்கும் மேற்பட்டது. மே மாதத்தில் அவர்தம் மனைவியும் இறந்தார். தொடர்ந்து வந்த கடும் பஞ்சத்தில், தம் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் தேட அவர் தமது வருங்கால ஊதியத்தையே அடகு வைக்க வேண்டியதாயிற்று. 1639-இல் ஸ்வீடன் நாட்டுப் படை ஊரை வளைத்து 30,000 தாலர் கேட்டபோது, படைத்தலைவனிடம் சென்று மன்றாடியவர் அவரே. அம்மன்றாட்டு முதலில் ஏற்கப்படவில்லை. முடிவில் அத்தொகை 2,000 புளோரினாகக் குறைக்கப்பட்டது. போர் முடிந்த மறு ஆண்டு, 1649-இல், அவர் மறைந்தார்.

இத்தகைய வாழ்க்கையைச் சுற்றிக் கதைகள் எழுவது இயல்பே. 1648-இல் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானபோது அதைக் கொண்டாட இப்பாடல் எழுதப்பட்டது என்பர் சிலர். இது பொருந்தாது, ஏனெனில் பெர்லினில் யோகான் குரூகர் 1647-இல் வெளியிட்ட பாடல் தொகுப்பிலேயே இது இடம்பெற்றுவிட்டது. கல்லறைகளின் நடுவே நின்று பாடப்பட்டது என்பர் வேறு சிலர். இதற்கும் சான்று இல்லை. ரிங்கார்ட்டின் ‘இயேசு இருதயச் சிறுநூல்’ 1636-இல் வெளிவந்தது. இன்று கிடைக்கும் பதிப்புகளில் பழையது 1663-ஆம் ஆண்டினது; அதில் இப்பாடலுக்கு இடப்பட்ட தலைப்பு, உணவு மேசைக்குரிய ஒரு சிறு ஜெபம் என்னும் பொருளுடையது. முதற்பதிப்பிலேயே இது இருந்திருக்கக்கூடும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அவ்வாறாயின் கொள்ளைநோய்க்கு முந்திய ஆண்டிலேயே இப்பாடல் ரிங்கார்ட்டின் வீட்டு மேசையில் ஒலித்திருக்க வேண்டும்.

கதைகளைக் களைவதால் பாடலின் மதிப்பு குறைந்துவிடுவதில்லை, மாறாக உயர்கிறது. பேரிடர் நீங்கியதற்கான நன்றியாகவோ, பேரிடரை வென்ற வீரத்தின் முழக்கமாகவோ இது பிறக்கவில்லை. உண்டு முடித்த ஒரு குடும்பம் எழுந்திருக்குமுன் கூறும் எளிய வாய்மொழியாகப் பிறந்தது. 1529-இல் லூத்தர் எழுதிய சிற்றுபதேச நூலில், உணவுக்கு முன்னும் பின்னும் கூறவேண்டிய ஜெபங்களைக் குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்குக் கற்பிக்க வேண்டும் என்று ஒரு பகுதி உண்டு. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் இந்நூலைத் தமிழில் பெயர்த்தார். ஆகவே இந்த வீட்டு மரபு நம் திருச்சபைக்கும் தொடக்கக் காலத்திலிருந்தே உரியது. ரிங்கார்ட்டின் பாடல் இம்மரபில் வளர்ந்த கனியாகும். துன்ப நாளில் நன்றி கூற அவர் புதிதாகக் கற்றுக்கொள்ளவில்லை. இன்ப துன்பம் எதுவும் தீர்மானிக்காத நாள்களில் கற்றது துன்ப நாளிலும் அவரோடு நின்றது.

2. பாடலின் அமைப்பு

பாடல் மூன்றே சரணங்களை உடையது. முதலிரண்டும் சீராக்கின் ஞானநூல் 50:22-24-ஐத் தழுவியவை. மூன்றாவது திரியேக தேவனுக்குரிய துதி. சீராக்கின் நூலை நம் சபைகள் திருமறை நூல்களின் வரிசையில் ஏற்பதில்லை; எனினும் அத்தகைய நூல்கள் வாசிப்பதற்குப் பயனுள்ளவை என்று லூத்தர் கருதினார். சீராக் 50-ஆம் அதிகாரம், பிரதான ஆசாரியனாகிய சீமோன் எருசலேம் தேவாலயத்தில் பலி செலுத்திய மாட்சியை விரித்துரைத்து, அதன் முடிவில் மக்களை நன்றி கூற அழைக்கிறது. ஆலயத்தில் ஒலித்த அவ்வழைப்பை ரிங்கார்ட் வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தார். எல்லா விசுவாசிகளும் ஆசாரியர் என்னும் சீர்திருத்தக் கோட்பாடு விவாதமாக அன்றி வழக்கமாக இங்கே விளங்குகிறது எனலாம்.

பாடலின் உள்ளடக்கத்தில் வியப்பிற்குரியது ஒன்று உண்டு. உணவுக்குப் பின் கூறும் ஜெபமாக இருந்தும் அது உணவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. மழை, விளைச்சல், உடல்நலம், பொருள் வரவு, எதிரியின் வீழ்ச்சி எதுவும் அதில் இல்லை. தாயின் வயிற்றிலிருந்தே தொடங்கி இன்றுவரை நீடிக்கும் எண்ணற்ற நன்மை என்று மட்டுமே அது கூறுகிறது. அதாவது, நன்றிக்குக் காரணம் இன்று கிட்டிய ஓர் ஆதாயமன்று; உயிரோடிருத்தலே கொடை என்னும் உணர்வு. இரண்டாம் சரணம் வேண்டுவதும் அத்தகையதே. மகிழ்ச்சியுள்ள உள்ளம், சமாதானம், கிருபையில் நிலைத்திருத்தல், இம்மையிலும் மறுமையிலும் இடுக்கண் நீக்கம் ஆகியவற்றையே அது கேட்கிறது. பதினெட்டு ஆண்டுகளாகப் போர் நடந்துகொண்டிருந்த நாட்டில் சமாதானம் என்பது வெறும் சமயச் சொல்லன்று. நன்றியும் வேண்டுதலும் அங்கே ஒரே மூச்சில் வருகின்றன. குறைவை மறைக்காமலே நன்றி கூறலாம் என்பதை இதனினும் சுருங்கக் கூற இயலாது.

குறையும் ஒன்று உண்டு. இருதயம், வாய், கை ஆகிய மூன்றாலும் நன்றி கூறுமாறு பாடல் தொடக்கத்தில் அழைக்கிறது. இருதயத்தின் பணியும் வாயின் பணியும் பின்வரும் வரிகளில் விளங்குகின்றன. கை என்ன செய்ய வேண்டும் என்பதோ எங்கும் கூறப்படவில்லை. பாடலில் ‘நாம்’ உண்டு; அந்த ‘நாம்’ என்பதற்கு வெளியே நிற்கும் அயலான் இல்லை. ரிங்கார்ட்டின் வாழ்க்கையை அறிந்தவர்க்கு இக்குறை தோன்றாது. அடக்கம் செய்த கை, படைத்தலைவன் முன் மன்றாடக் குவிந்த கை எது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் பாடல் தன் ஆசிரியரை விட்டுப் பிரிந்து செல்வது. அவரை அறியாதவர் அக்கையில் எதை வேண்டுமாயினும் கொடுக்கலாம், வாளையும் கொடுக்கலாம். அவ்வாறே நிகழ்ந்தது.

3. பாடல் சென்ற வழிகள்

1757 டிசம்பர் 5-ஆம் நாள், சிலேசியாவிலுள்ள லாய்த்தன் என்னுமிடத்தில் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் ஆஸ்திரியப் படையை முறியடித்தார். அன்றிரவு இருளில் நடந்த படைவீரர்களில் ஒருவர் இப்பாடலைத் தொடங்க, படை முழுவதும் சேர்ந்து பாடியது என்பது மரபு. இரு தரப்பிலும் பல்லாயிரவர் மாண்டும் காயமுற்றும் கிடந்த நாளின் இரவு அது. அதன்பின் இப்பாடலுக்கு ‘லாய்த்தன் பாடல்’ என்றே ஒரு பெயர் வழங்கலாயிற்று. 1914 ஆகஸ்டு முதல் நாள், பெர்லின் அரண்மனை முன் திரண்ட கூட்டம் போருக்குப் படை திரட்டும் ஆணையைக் கேட்டு இதையே பாடிற்று. லாய்த்தனிலாவது போர் முடிந்தபின் பாடினர். பெர்லினிலோ படை போருக்குப் புறப்படும் முன்னரே பாடினர். சமாதானம் வேண்டி எழுந்த ஜெபம் போரை வரவேற்கும் முழக்கமாயிற்று.

வேறொரு நிகழ்ச்சியையும் கூறாவிடில் நீதியாகாது. 1955-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், சோவியத் நாட்டில் பத்தாண்டுக்கு மேலாகச் சிறைப்பட்டிருந்த ஜெர்மானியர் ஃப்ரீட்லாந்து முகாமுக்குத் திரும்பி வந்தபோதும் இப்பாடலே ஒலித்தது. வந்தவர்களைச் சுற்றி, வராதவர்களின் பெயரை அட்டையில் எழுதி ஏந்தி, செய்தி ஏதும் கிட்டாதா எனக் காத்து நின்ற தாய்மாரும் மனைவிமாரும் இருந்தனர். அங்கே பாடல் எவரையும் வென்றதற்காகப் பாடப்படவில்லை. எனினும் பாடியவரின் மகிழ்ச்சியும் காத்து நின்றவரின் ஏக்கமும் ஒரே இடத்தில் நின்றன. அந்நன்றி உண்மையானது, அதே வேளையில், அருகில் நிற்பவரை நினையாமல் அதைப் பாடவும் முடியாது.

இவ்வரலாற்றிலிருந்து திறனாய்வு முறையில் நாம் பெறும் முடிவு இது: குறிப்பிட்ட நன்மை எதையும் பெயரிடாமை இப்பாடலின் சிறப்பு; அதுவே அதன் ஆபத்தும் ஆகும். ஆதாயக் கணக்கினின்று நன்றியை அது விடுவிக்கிறது. ஆயின் அந்த வெற்றிடத்தை எவரும் எதனாலும் நிரப்பிக்கொள்ளலாம். பாடலைக் காப்பது அதன் சொற்கள் மட்டுமன்று. அது பாடப்படும் இடமும் ஆகும். பந்தியில் நன்றி கூறுபவன் தன்னோடு உண்பவரின் முகத்தைப் பார்க்கிறான். போர்க்களத்தில் நன்றி கூறுபவனோ வீழ்ந்தவனின் முகத்தைப் பார்க்காமலிருந்தால்தான் பாட முடியும்.

4. திருமறையின் அளவுகோல்

திருமறை நன்றியை எங்கே வைக்கிறது? லேவியராகமம் 7:11-15 ஸ்தோத்திர பலியின் முறைமையைக் கூறுகிறது. அப்பலியின் இறைச்சி பலியிட்ட அன்றே உண்ணப்பட வேண்டும். விடியும்வரை எதையும் வைக்கலாகாது. மற்ற சமாதான பலிகளை மறுநாளும் உண்ணலாம் (7:16). ஸ்தோத்திர பலிக்கோ அந்தச் சலுகை இல்லை. ஒரு முழு விலங்கின் இறைச்சியையும் அதனோடு செலுத்திய அப்பங்களையும் ஒரு குடும்பம் ஒரே நாளில் உண்டு முடிக்க இயலாது. எனவே பலி செலுத்துபவன் பிறரை அழைத்தே தீரவேண்டும். இவ்விதியின் நோக்கம் தூய்மை பற்றியதாகவே இருக்கலாம். விளைவோ ஐயத்திற்கிடமின்றிப் பகிர்வாகும். நன்றியைச் சேமித்து வைக்க முடியாதபடி நியாயப்பிரமாணம் செய்துவிட்டது.

உபாகமம் 26:1-11 இதையே வேறு முறையில் உணர்த்துகிறது. முதற்கனியைக் கூடையில் கொண்டுவரும் உழவன் தன் உழைப்பையோ விளைச்சலின் அளவையோ கூறுவதில்லை. அலைந்து திரிந்த மூதாதையையும், எகிப்தின் ஒடுக்குதலையும், விடுதலையையும் கூறுகிறான். அதன்பின் லேவியனும் அவனிடையே வாழும் அந்நியனும் அவனோடு மகிழவேண்டும் என்பது கட்டளை. தானும் ஒருகாலத்தில் அந்நியனாக இருந்ததை அறிக்கையிட்டவன் அந்நியனைப் பந்தியினின்று தள்ள முடியாது. நன்றி இங்கே நினைவாகவும், நினைவு விருந்தோம்பலாகவும் மலர்கிறது.

புதிய ஏற்பாடு ஓர் எச்சரிக்கையையும் சேர்க்கிறது. லூக்கா 18:9-14-இல் வரும் பரிசேயன் தன் ஜெபத்தை நன்றியோடுதான் தொடங்குகிறான். மூலத்தில் அவன் வாயில் வரும் வினைச்சொல், இராப்போஜன வேளையில் அப்பத்தை எடுத்த ஆண்டவர் நன்றி கூறியதாக லூக்கா 22:19 கூறும் அதே சொல்லாகும். ஒரே சொல், ஒருவர் அதைக் கூறித் தம்மைப் பிட்டுக் கொடுத்தார், மற்றவன் அதைக் கூறித் தன்னைப் பிறரினின்று பிரித்துக்கொண்டான். கொரிந்து சபையின் தவறும் இதுவே. அங்கே நன்றியின் பந்தி நடந்தது, எனினும் ஒருவன் பசியாயிருக்க ஒருவன் வெறித்திருந்தான் (1 கொரி. 11:20-22). அது கர்த்தருடைய பந்தியே அன்று என்று பவுல் கூறத் தயங்கவில்லை. எல்லாவற்றிலும் நன்றி கூற வேண்டும் என்னும் அப்போஸ்தலப் போதனையையும் (1 தெச. 5:18) இச்சூழலிலேயே வைத்துப் பொருள் காண வேண்டும். அவ்வசனத்திற்குச் சற்று முன்னர்தான் திடனற்றோரைத் தேற்றவும் பலவீனரைத் தாங்கவும் அவர் கட்டளையிடுகிறார் (5:14). தீங்கைத் தீங்கென்று சொல்லாதே என்பது அப்போதனையின் பொருளன்று.

5. நமது சபைகளில்

மேற்கூறியவை பிற நாட்டாரைப் பற்றியன மட்டுமே என எண்ணினால் நாமும் பரிசேயனின் ஜெபத்தையே செய்தவராவோம். 2004 டிசம்பர் 26-ஆம் நாள், ஞாயிறு காலையில், ஆழிப்பேரலை நம் கரைகளைத் தாக்கியது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அத்தகைய நாளில் தப்பியவர் நன்றி கூறாமல் இருக்க முடியாது. அவர் வாயை அடைப்பது மனிதத் தன்மையன்று. ஆயினும், கர்த்தர் தம்மவரைக் கைவிடமாட்டார், ஆகவே என்னைக் காத்தார் என்று அவர் சாட்சி கூறும்போது, அதே பலகையில் பிள்ளையை வாரிக்கொடுத்த தாய் ஒருத்தி அமர்ந்திருப்பாளாயின், அச்சாட்சி அவளுக்கு எதைக் கூறுகிறது? ‘ஆகவே’ என்னும் அந்த ஒரு சொல் அவளை ஆண்டவரின் அன்புக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. நன்றி கூறுபவர் அவ்வாறு நினைத்திருக்கமாட்டார். இருந்தும் அவருடைய நன்றியின் அமைப்பு அவ்வாறு பேசுகிறது. பெருந்துன்பங்களில் மட்டுமன்று, தேர்வு முடிவு வந்த ஞாயிற்றிலும், மகப்பேற்றுக்கான காணிக்கை வாசிக்கப்படும் ஞாயிற்றிலும் இதுவே நிகழ்கிறது. பெற்றவர் பெயரும் தொகையும் வாசிக்கப்படுகின்றன. பெறாதவர் தலைகுனிந்து கேட்கின்றனர்.

தமிழ் மரபு இங்கே நமக்குத் துணை நிற்கிறது. திருக்குறளின் பதினோராம் அதிகாரத்தின் பெயர் செய்ந்நன்றி அறிதல். அங்கே நன்றி என்பது செய்யப்பட்ட நன்மையையே குறிக்கும். பெற்றவன் செய்யவேண்டியது அறிதல். கூறுதல் என்றோ செலுத்துதல் என்றோ வள்ளுவர் தலைப்பிடவில்லை. அறிதல் ஒருநாள் செயலன்று. அது மனத்தின் நிலை. இதற்கு அடுத்த அதிகாரம் நடுவு நிலைமை. நன்றி செய்தவரிடத்து அந்நன்றியை நினைக்கும்போது நடுவு நிலைமை சிதையக்கூடும், அவ்விடத்தும் சிதையலாகாது என்பதற்காகவே இவ்வரிசை அமைந்தது என்று பரிமேலழகர் விளக்குவார். பெரும் காணிக்கையாளரின் முன்னிலையில் சபையின் நீதி தடுமாறும் இந்நாளில் அவ்வுரையை ஆயர்கள் அனைவரும் ஊன்றிப் படிப்பது நலம். நன்றியே அநீதிக்கு வழியாகலாம் என்பதை அவ்வுரையாசிரியர் கண்டிருந்தார்.

இவற்றால் ஸ்தோத்திரக் காணிக்கையை நிறுத்திவிட வேண்டும் என்பது நம் கருத்தன்று. அதைப் பந்திக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பதே. காணிக்கையின் தொகையையும் காரணத்தையும் பட்டியலிட்டு வாசிக்காமல், சபையாக நன்றி கூறலாம். நன்றி ஜெபத்தோடு, கேட்டும் பெறாதவருக்கான மன்றாட்டும் அதே ஆராதனையில், அதே குரலில் இடம்பெறலாம். ரிங்கார்ட்டின் இரண்டாம் சரணம் அதற்கு முன்மாதிரி. அறுப்பின் பண்டிகையில் ஏலம் விட்டு ஈட்டிய பணத்தைக் கணக்கிடும் வேளையில், அவ்விளைச்சலை அறுத்த கூலியாட்கள் அன்றைய விருந்தில் எங்கே அமர்ந்தனர் என்று கேட்கலாம். துதியில் ஆசையுள்ள இளைஞருக்கு, புலம்பலின் சங்கீதங்களையும் பாடக் கற்பிக்கலாம்; சங்கீதம் 22-இல் கைவிடப்பட்டவனின் கூக்குரலும் சபை நடுவில் எழும் துதியும் ஒரே பாட்டில் அல்லவா உள்ளன? அவ்விரண்டையும் அடுத்து, எளியவர் உண்டு திருப்தியடையும் பந்தியும் அங்கேயே விரிக்கப்பட்டிருக்கிறது (22:26).

யாவற்றுக்கும் முன்பாக, வீட்டுப் பந்தியில் நன்றி கூறும் வழக்கத்தைப் புதுப்பிக்க வேண்டும். உணவுக்கு முன் விரைந்து முணுமுணுக்கும் சொற்களாக அன்றி, உண்டு முடித்தபின், உடன் உண்டவரின் முகம் நோக்கி, சமைத்தவரையும் விளைத்தவரையும் அறிந்து, வெறும் வயிற்றோடு உறங்கச் செல்வோரை நினைந்து கூறும் நன்றியாக அது அமையட்டும். அதற்குச் சில நிமிடங்களே போதும். கொள்ளைநோயிலும் பஞ்சத்திலும் ஊரை விட்டு ஓடாமல் நின்ற குரு ஒருவரை உருவாக்கியதில் அத்தகைய சில நிமிடங்களுக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும். நம் திருப்பணிவிடையாளரும் இறையியல் மாணவரும் நன்றியைப் பற்றி அருளுரை ஆற்றுமுன், அந்த நன்றி எவரையேனும் பந்திக்கு வெளியே நிறுத்துகிறதா என்று தம்மைத் தாமே ஆராய்ந்து பார்ப்பார்களாக.